காது இரைச்சலுக்கு எதில் பணம் போடுவது? மாத்திரை, காது மிஷின், ஆலோசனை, ஃபேன் சத்தம்: ஓர் ஒப்பீடு

போன மாதம் எங்கள் தறிக்குடோனுக்குப் பாவு பிணைக்க வந்த தம்பி, வேலை முடிந்தும் கிளம்பாமல் நின்றார். கையில் இரண்டு சீட்டு இருந்தன. ஒன்று 3 மாதத்துக்கு எழுதிய மாத்திரைச் சீட்டு. இன்னொன்று காது மிஷின் கடையில் கொடுத்த விலைச் சீட்டு, இரண்டு காதுக்கும் சேர்த்து 42,000 ரூபாய்.

"ஏனுங்க்கா, உங்களுக்கும் காதுல இரைச்சல் இருக்குதுன்னு சொன்னாங்க. ராத்திரி படுத்தா ங்கொய்ன்னு கத்திட்டே இருக்குதுங்க்கா. இதுல எதை வாங்கறது? அம்மாயி ரெண்டும் வேண்டாம், பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்துன்னு சொல்லுது."

அவருக்கு 36 வயது. 15 வயதிலிருந்து தறியில் நிற்கிறார். அவர் கேட்ட கேள்வியை இந்தப் பத்தாண்டில் குறைந்தது இருபது பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்வார்த்தையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கு இது தெரிய வந்தது 2012-ல், கரண்ட் இல்லாத காலத்தில். கோவை மாவட்டத்துச் சோமனூர் பக்கம் பொழுது விடிவதும் அடைவதும் தறிச் சத்தத்தில்தான். கரண்ட் போனால் ஒரே நொடியில் ஊர் அடங்கிவிடும். அப்படி அடங்கிய ஒரு மத்தியானம், எங்கோ ஒரு தறி மட்டும் ஓடுவதுபோல எனக்குக் கேட்டது. யார் வீட்டு ஜெனரேட்டர் என்று வெளியே வந்து பார்த்தேன். வெளியே ஒன்றும் இல்லை. சத்தம் என் காதுக்குள் இருந்தது.

அதன்பிறகு செலவு செய்ததை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 8 மாதம் மாத்திரை. தலைக்கு ஒரு ஸ்கேன். கோவைக்குப் போய்வந்த பஸ் காசு, போன நாட்களில் தறி நின்ற கூலி. எல்லாம் சேர்த்து 23,000 ரூபாயைத் தாண்டியது. முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய கேட்கும் திறன் பரிசோதனையை 14-ஆவது மாதத்தில்தான் எடுத்தேன். அதற்கு ஆனது 400 ரூபாய். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இதை ஒட்டித்தான்: காது எவ்வளவு கேட்கிறது என்று தெரியாமல் இரைச்சலுக்கு வைத்தியம் தேர்ந்தெடுக்க முடியாது.

## சத்தம் எங்கிருந்து வருகிறது

உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண் மயிர் செல்கள். வெளியிலிருந்து வரும் அதிர்வை மூளைக்குப் போகும் சேதியாக மாற்றுவது இவைதான். பெருஞ்சத்தம் வருடக்கணக்கில் அடித்தால் இவை சாய்ந்து செத்துப்போகும். மனிதருக்கு இவை திரும்ப முளைப்பதில்லை.

செல்கள் குறைந்தால் கேட்பதுதானே குறைய வேண்டும், சத்தம் ஏன் கூடுகிறது? நம் ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கீழே இறங்கிய பிறகும் மோட்டார் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் கிடைக்காமல் காற்றை உறிஞ்சி இரையும். காதிலிருந்து சேதி வருவது குறைந்தால் மூளையும் தன் பங்குக்குக் கூடுதலாக இழுக்கிறது, அப்போது தன் நரம்புகளின் ஓசையே அதற்குக் கேட்கிறது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்தார்கள். சில நிமிடங்களில் அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். நல்ல காதுக்கும் அடியில் ஒரு மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்தம் அதை மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தறிச் சத்தம் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சு ஒலிகளை. அதனால் பேச்சு கேட்கும், ஆனால் "ச", "த", "ஸ" மாதிரி எழுத்துகள் மங்கிவிடும். "பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் பிடிபட மாட்டேங்குது" என்று நம் பக்கம் நாற்பது வயதுக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சத்தம் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். காதில் அழுக்கு அடைத்திருந்தாலே இரையும், எடுத்தால் அன்றைக்கே நிற்கும். நடுக்காதில் சீழ், செவிப்பறையில் ஓட்டை, காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு இறுகிப்போவது, வயது, தாடை மூட்டுக் கோளாறு என்று பல உண்டு. தலைசுற்றலோடு காது அடைத்து இரைந்தால் மெனியர் நோய் என்ற உள்காதுக் கோளாறாக இருக்கலாம். மருந்துகளாலும் வரும்: காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசிகள், ஜென்டாமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், மலேரியாவுக்கான குவினைன், அதிக அளவில் ஆஸ்பிரின். (இதயத்துக்காகத் தினம் போடும் சின்ன ஆஸ்பிரின் மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். எந்த மருந்தையும் எழுதியவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.)

பெயர் ஒன்று, காரணம் பத்து. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த மாத்திரை உங்களுக்கும் பலிக்கும் என்று நினைப்பது இங்கேதான் தவறிப்போகிறது.

## ஒப்பிட்டுக்கொண்டு உட்காரக் கூடாத நேரம்

கீழே சொல்பவற்றில் ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

ஒரு காது திடீரென்று, ஒரு நாளில் அல்லது மூன்று நாளுக்குள், கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். "சளி பிடிச்சிருக்கும், தானா சரியாயிரும்" என்று நம் பக்கம் விட்டுவிடுகிறார்கள். என் சின்னம்மா அப்படி ஒரு மாதம் விட்டு, வலது காதை இழந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

நாடித்துடிப்புக்கு ஏற்ப "டொப் டொப்" என்று கேட்பது, ஒரே காதில் மட்டும் இரைவது, முகம் ஒரு பக்கம் இழுப்பது, கடும் தலைசுற்றல், தலையில் அடிபட்ட பின் தொடங்கிய இரைச்சல், காதில் சீழோ ரத்தமோ வருவது: இவற்றுக்கெல்லாம் பரிசோதனை வேண்டும். ஸ்கேன் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த ஆட்களுக்குத்தான். இரண்டு காதிலும் ஒரே மாதிரி, வருடக்கணக்காக, வேறு தொந்தரவு இல்லாமல் இரைபவர்களுக்கு ஸ்கேன் வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி சொல்கிறது. நான் எடுத்த ஸ்கேன் இந்த இரண்டாம் வகை.

இன்னொன்று. இரைச்சலால் தூக்கம் கெட்டு, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் 5 கேள்வி வைத்திருக்கிறேன். இந்த வழி என் காரணத்தைத் தொடுகிறதா? பலன் உண்டு என்று பல பேரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? வெளியே சொல்லும் விலை போக உள்ளே ஒளிந்திருக்கும் செலவு என்ன: கூலி இழப்பு, பஸ், பேட்டரி, திரும்பத் திரும்பப் போவது? எத்தனை நாளில் தெரியும்? நம் வீடு, நம் வேலை இருக்கும் நிலையில் இதைத் தொடர முடியுமா?

ஆறாவதாக ஒன்றைக் கேட்கவே வேண்டாம் என்பேன்: "சத்தம் முழுசா நின்னுருமா?" செத்த செல்லால் வந்த இரைச்சலை அடியோடு நிறுத்தும் மருந்து இன்றைக்கு உலகில் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இரைச்சலுக்கென்று ஒரு மாத்திரைக்கும் ஒப்புதல் கொடுத்ததில்லை. நிறுத்தித் தருகிறேன் என்பவரிடம்தான் நம் காசு அதிகம் போகிறது. சத்தம் இருந்தும் தூங்கலாம், வேலை செய்யலாம், அது இருப்பதே மறந்துபோகலாம். அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி எது என்று பார்ப்பதே சரியான கணக்கு.

## எல்லாவற்றுக்கும் முன்னால்: பரிசோதனை

இதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை. இது வாசல்படி. மருத்துவர் காதுக்குள் பார்த்து அழுக்கு, ஓட்டை, சீழ் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு சத்தம் புகாத சிறு அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, எந்த ஒலி எவ்வளவு மெல்லியதாக வந்தாலும் கேட்கிறது என்று ஒரு வரைபடம் எடுப்பார்கள். தனியாரில் சில நூறு ரூபாய். கோவை, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்களுக்குச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை. நாலு தறி, எட்டுத் தறி வைத்திருக்கும் குடோன்களில் 10 பேர் வேலை செய்வதில்லை என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. பெரும்பாலும் கிடைப்பதில்லை. அது பெரிய குறை.

ஒரு நுணுக்கம். ஷிப்ட் முடித்த கையோடு போகாதீர்கள். தறிச் சத்தத்தில் காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும், வரைபடம் தப்பாக வரும். லீவு நாளுக்கு மறுநாள் காலை, ஷிப்ட் ஏறும் முன் போவது நல்லது. குறைந்தது 14 மணி நேரம் காது ஓய்ந்திருக்க வேண்டும்.

## மாத்திரை

நம் பக்கம் அதிகம் எழுதப்படுவது பீட்டாஹிஸ்டின். மெனியர் நோயின் தலைசுற்றலுக்காகக் கொடுக்கப்படும் மருந்து இது. தலைசுற்றல் இல்லாத வெறும் இரைச்சலுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பு 2020-ல் ஒரு படி மேலே போய், இரைச்சலுக்கு மட்டுமாக அதைக் கொடுக்காதீர்கள் என்றே எழுதிவிட்டது. ஜிங்கோ இலைச் சத்து, ஜிங்க், மெலடோனின் மாத்திரைகளையும் முன்னே சொன்ன 2014 வழிகாட்டி வேண்டாம் என்கிறது.

மாத்திரை எழுதிய மருத்துவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் எழுதாமல் அனுப்பினால் நமக்கே திருப்தி இருக்காது, அவருக்கும் அது தெரியும். ஆனால் இதன் ஒளிந்த செலவு மாத்திரை விலையில் இல்லை. "இந்தப் பட்டை முடிஞ்சா நின்னுரும்" என்று காத்திருக்கும் மாதங்கள்தான் செலவு. அந்த 8 மாதமும் தினம் காலையில் எழுந்ததும் "இன்னைக்குக் குறைஞ்சிருக்குதா" என்று காதைக் கூர்ந்து கவனித்தேன். கவனிக்கக் கவனிக்க அது வளர்ந்தது.

மாத்திரை சரியான தேர்வாகும் ஆட்களும் உண்டு. மெனியர் தலைசுற்றல், காதில் தொற்று, ரத்தச்சோகை, தைராய்டு, பி12 குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் அதற்கான மருந்து வேண்டும். இரைச்சலோடு மனச்சோர்வோ கடும் பதற்றமோ இருந்தால், அவற்றுக்கான மருந்து அந்த நோய்க்காகத் தேவைப்படலாம். அப்போது அது எதற்குத் தரப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

## காது மிஷின்

பரிசோதனையில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று வந்தால், என் கணக்கில் முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். கிணற்றில் தண்ணீர் ஏறினால் மோட்டார் இரைவது குறையும். மிஷின் வெளி ஒலியைக் கூட்டிக் கொடுக்கும்போது மூளைக்கு வேலை கிடைக்கிறது, உள் இரைச்சல் பின்னால் போகிறது. பேச்சும் பிடிபடுவதால், கல்யாண வீட்டில் பதில் சொல்லத் தெரியாமல் ஓரமாக உட்காரும் அவலமும் குறையும். இந்தச் சோர்வே இரைச்சலைப் பெரிதாக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 2014 வழிகாட்டியும் கேட்கும் திறன் குறைந்த இரைச்சல்காரர்களுக்கு மிஷின் பொருந்துமா என்று பார்க்கப் பரிந்துரைக்கிறது.

விலை ஒரு காதுக்குப் பத்துப் பதினைந்தாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். இனி ஒளிந்த செலவு. சிறு பேட்டரி வகை என்றால் வாரத்துக்கு ஒன்று, பத்து நாளுக்கு ஒன்று என்று வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் நாலைந்து தடவையாவது போய் அளவு திருத்த வேண்டும். வாங்கிய கடை தூரமாக இருந்தால் போக மாட்டோம், மிஷின் அலமாரியில் தூங்கும். நம் ஊரில் நான் பார்த்த பாதி மிஷின்கள் அப்படித்தான் தூங்குகின்றன. வியர்வையும் பஞ்சுத் தூசியும் அதற்கு எமன். தினம் துடைத்து, ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை: மிஷினை மாட்டிக்கொண்டு தறிக்குடோனுக்குள் போகாதீர்கள். அது காதுக்குக் காப்பு இல்லை, சத்தத்தைக் கூட்டும் கருவி. அணைத்து வைத்தாலும் காதடைப்பானுக்கு ஈடாகாது.

வாங்கும் முன் சில நாள் போட்டுப் பார்க்கத் தருவார்களா, திருத்த வரும்போது தனியாகக் காசு வாங்குவார்களா என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளி சான்று பெறும் அளவுக்குக் காது கேளாதவர்களுக்கு அரசு இலவசமாகத் தருகிறது. லேசான குறைபாடு உள்ள இரைச்சல்காரருக்கு அந்த வழி பெரும்பாலும் திறப்பதில்லை.

கேட்கும் திறன் சரியாக இருக்கிறது என்று வரைபடம் சொன்னால் மிஷின் வேண்டாம். எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் வேண்டாம்.

## ஃபேன், ரேடியோ, மழைச் சத்தம்

சித்திரை, வைகாசியில் என்னிடம் யாரும் இரைச்சலைப் பற்றிப் புலம்புவதில்லை. ராத்திரி முழுக்க ஃபேன் ஓடும். மார்கழி பிறந்து ஃபேனை நிறுத்தியதும் போன் வரும், "அக்கா, இரைச்சல் கூடிப்போச்சுங்க்கா" என்று. கூடவில்லை. மூடியிருந்த சத்தம் போய்விட்டது.

ஆக மலிவான வழி இதுதான்: காதை வெறும் அமைதியில் விடாதீர்கள். மெல்லிய ஃபேன், தாழ்வாக வைத்த ரேடியோ, மொபைலில் மழை அல்லது ஆற்றுச் சத்தம். இரைச்சலை முழுசாக அமுக்கும் அளவுக்குச் சத்தம் வைக்காமல், இரண்டும் கலந்து கேட்கும்படி ஒரு சுற்றுக் குறைவாக வையுங்கள். மூளை அதையும் ஒரு சாதாரண ஒலியாக எண்ணி விலக்கப் பழகுவதற்கு அந்தக் கலப்பு உதவும். ஹெட்ஃபோனில் வேண்டாம், ஸ்பீக்கரில் கேளுங்கள்.

இதையே ஒழுங்கான சிகிச்சையாகச் செய்வதும் உண்டு. ஜாஸ்ட்ரெபோஃப் என்பவர் 1990-ல் முன்வைத்த கருத்தை அடித்தளமாகக் கொண்டு, காதில் ஒலி தரும் கருவியும் விளக்கப் பேச்சும் சேர்த்து ஒன்றரை, இரண்டு வருடம் நடக்கும். பணமும் பொறுமையும் வேண்டும். 2019-ல் வெளியான, அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 151 பேரிடம் செய்த சோதனையில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான நல்ல கவனிப்புப் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள். ஆகவே இதற்கென்று கடன் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை ஒன்று உண்டு. பக்கத்தில் படுப்பவருக்கு ஃபேனும் ரேடியோவும் தொந்தரவு. எங்கள் வீட்டில் இதற்கே ஒரு மாதம் பேச்சு வார்த்தை நடந்தது.

## ஆலோசனை

இதைச் சொன்னால் நம் பக்கம் முகம் மாறும். "எனக்கென்ன பைத்தியமாங்க்கா?" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் சோதித்துப் பார்த்த வழிகளில் அதிகம் சான்று இருப்பது இதற்குத்தான். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். 2020-ல் காக்ரேன் அமைப்பு 28 ஆய்வுகளை, 2,733 பேரை ஒன்றாகப் பார்த்து, இரைச்சல் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவை இது குறைக்கிறது என்று கண்டது. சத்தத்தின் அளவைக் குறைப்பதாக அது சொல்லவில்லை.

எனக்கு நடந்ததைச் சொன்னால் புரியும். ராத்திரி சத்தம் கேட்டதும் என் மனசில் ஒரு வரிசை ஓடும்: கேட்குது, கூடுது, செவிடாயிருவேன், தறியைப் பார்க்க ஆள் இல்லை, பிள்ளை படிப்பு நின்றுபோகும். ஐந்து நிமிடத்தில் ஒரு கீச்சுச் சத்தம் குடும்பம் முழுக்கத் தெருவுக்கு வருவதில் போய் முடியும். ஆலோசகர் இந்த வரிசையை எழுதச் சொன்னார். எந்த வரி உண்மை, எது பயம் என்று பிரிக்கச் சொன்னார். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து, வரும்போது படு என்றார். நாளைக்கு எத்தனை தடவை காதைக் கவனித்துப் பார்க்கிறாய் என்று எண்ணச் சொன்னார். முதல் நாள் 60-ஐத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். 7 அமர்வு போனேன். சத்தம் அப்படியே இருந்தது. நான்காவது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், அன்று முழுக்க அதை நினைக்கவே இல்லை என்று உணர்ந்தேன்.

பொதுவாக 6 முதல் 12 அமர்வு. தனியாரில் ஒரு அமர்வுக்குச் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேல் ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காசு இல்லை, கூட்டம் இருக்கும். ஒளிந்த செலவு, வாரம் ஒரு அரை நாள் கூலி. இரைச்சலை அறிந்த ஆலோசகர் கோவையில் கிடைப்பார்கள், தாராபுரம், காங்கேயம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தூரம்தான். வீடியோ அழைப்பில் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

கேட்கும் திறன் சரியாக இருந்தும் இரைச்சல் வாட்டுபவருக்கு முதல் தேர்வு இது. தூக்கம் கெட்டவருக்கும் இதுதான்.

## கை வைத்தியம்

அம்மாயிகளின் பாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருப்பது வெளியே தெரியாது, எண்ணெய் உள்ளே போனால் சீழ் பிடிக்கும், ஈரத்தில் பூஞ்சை வளரும், சூடு தப்பினால் வெந்தே போகும். ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள், எண்ணெய் தலையோடு நிற்கட்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | யாருக்குப் பொருந்தும் | ஒளிந்த செலவு | எப்போது தெரியும் |
|---|---|---|---|
| மாத்திரை | வேறு நோய் உறுதியானவருக்கு | காத்திருந்து கழியும் மாதங்கள் | அந்த நோயைப் பொறுத்து |
| காது மிஷின் | கேட்கும் திறன் குறைந்தவருக்கு | பேட்டரி, திருத்தப் போகும் நாட்கள் | 1 முதல் 3 மாதம் |
| ஃபேன், ரேடியோ | எல்லோருக்கும் | பக்கத்தில் படுப்பவரின் தூக்கம் | அன்று ராத்திரியே |
| ஆலோசனை | தூக்கம், மனசு கெட்டவருக்கு | அரை நாள் கூலி, தூரம் | 4 முதல் 8 வாரம் |

ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை விட வேண்டும் என்பதில்லை. மிஷினும் ஃபேனும் ஆலோசனையும் ஒன்றாகவே நடக்கலாம்.

## தறியில் நின்றுகொண்டே காதைக் காப்பது

வேலையை விடுங்கள் என்று சொல்வது எளிது. 12 மணி நேர ஷிப்டில்தான் அடுப்பு எரிகிறது. ஆகவே இன்னும் இருக்கும் செல்களைக் காப்பதே மீதி வேலை.

85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி. நம் நாட்டு விதி 8 மணி நேரத்துக்கு 90 வரை விடுகிறது. நாடாத் தறி நிறைந்த கூடங்கள் பெரும்பாலும் இதைத் தாண்டியே இருக்கும். 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சத்தத்தால் வரும் காது கேளாமையும் அறிவிக்க வேண்டிய தொழில் நோயாக இருந்தது. அந்தப் பட்டியல் நம் குடோன்களின் கதவைத் தட்டியதை நான் பார்த்ததில்லை.

காதில் பஞ்சு அடைப்பது போதாது. அது மனசுக்கு ஆறுதல், காதுக்கு அல்ல. ஃபோம் காதடைப்பானா, தலையில் மாட்டும் காது மூடியா என்பதில் என் தேர்வு அடைப்பான். பங்குனி, சித்திரை வெக்கையில் காது மூடிக்குள் வியர்த்துக் கொட்டும், ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடுவோம். கழற்றிய காப்பு காப்பில்லை. காதில் சீழ் வருபவர்கள் மட்டும் காது மூடி வாங்குங்கள். அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே பாதி தொங்கினால் சரியாகப் போகவில்லை. தறியில் நூல் அறுந்தால் சத்தம் கேட்காதே என்று பயப்படுவார்கள். ஒரு வாரத்தில் அந்த மங்கிய சத்தத்திலேயே தறியின் குரல் பிடிபட்டுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். அமைதியான இடத்திலும் அடைத்துக்கொண்டே இருந்தால் காது சின்னச் சத்தத்துக்கும் கூச ஆரம்பிக்கும், இரைச்சலும் முன்னால் வரும். நோம்பிக்கு ஜமாப் மேளம் அடிக்கும்போது, பட்டாசு வெடிக்கும்போது மட்டும் திரும்ப எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கும் வையுங்கள்.

அந்தத் தம்பி ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பரிசோதனை எடுத்து, வரைபடத்தோடு வந்தார். இரண்டு காதிலும் 4,000-ல் பள்ளம், பேச்சு ஒலிகளில் லேசான குறைவு. மாத்திரைச் சீட்டை மடித்து வைத்துவிட்டார். மிஷினை இரண்டு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "மார்கழிக் குளிருல ஃபேன் போட்டா சின்னவளுக்குச் சளி புடிச்சுக்குமேங்க்கா?"

"டேபிள் ஃபேனைச் சுவத்தைப் பாத்துத் திருப்பி வையி கண்ணு. காத்து உங்க மேல வராது, சத்தம் மட்டும் வரும்," என்றேன்.